முப்பத்திரண்டு இடுப்பும் ஒரு கச்சேரியும்

ஜீன்ஸ் கவுண்டரில் நிற்பவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், வாடிக்கையாளரின் இடுப்பைப் பார்க்கலாம், பார்த்ததை வாயால் சொல்லக்கூடாது என்பது. திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு துணிக்கடையின் இரண்டாவது மாடியில் ஒன்பது வருஷமாக இந்தப் பாடத்தைக் கடைப்பிடித்து வருகிறேன். காலையில் பாறசாலையில் பஸ் ஏறி, தம்பானூரில் இறங்கி, வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்து கவுண்டரில் நின்றால், பிறகு நின்றதுதான். கடையில் வேலை செய்யும் பெண்களுக்கு உட்கார நாற்காலி தரவேண்டும் என்று கேரளத்தில் சட்டமே இருக்கிறது. எங்களுக்கும் நாற்காலி வந்தது. இப்போது அதன் மேல் ஸ்டாக் அடுக்கியிருக்கிறோம்.

உங்களில் பலர் என்னைப் போல நின்று கால் வீங்கியவர்களாக இருப்பீர்கள். மற்றவர்கள் ட்ரையல் ரூமுக்குள் மூச்சை இழுத்துப் பிடித்து ஜிப் போடப் பார்த்தவர்களாக இருப்பீர்கள். இரண்டு கட்சிக்கும் என் அனுதாபம்.

முப்பது என்றால் முப்பது

ஒருவர் படியேறி வரும்போதே அவர் இடுப்பளவு எனக்குத் தெரிந்துவிடும். எனக்கு இருக்கும் வித்தை இது ஒன்றுதான். ஆனால் வாடிக்கையாளர் வாயால் சொல்லும் அளவு எப்போதும் கல்யாண ஆல்பத்தில் இருக்கிற அளவு. எங்கள் கடை ஜீன்ஸில் அளவைக் காட்டுவது காலோடு நீளமாக ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் மட்டும்தான். அதை உரித்துவிட்டு வேறொன்றை ஒட்ட அரை நிமிஷம் போதும். இதற்கென்றே கவுண்டருக்கு அடியில் ஒரு டிராயர் நிறைய இருபத்தெட்டு, முப்பது, முப்பத்திரண்டு ஸ்டிக்கர்கள் வைத்திருந்தோம். நாற்பது போட்ட ஸ்டிக்கர் வேண்டும் என்று இதுவரை ஒரு ஜீவனும் கேட்டதில்லை.

பேங்கில் ஆபீசராக இருக்கும் ஒரு அம்மா வந்தார். "முப்பது எடுங்க" என்றார். எடுத்தேன். முட்டிக்கு மேலே ஏறவில்லை. "உங்க கடையில் முப்பதே சரியில்லை" என்று கோபித்துக்கொண்டார். "கம்பெனி மாத்திப் பாக்கலாம் மேடம்" என்று ஸ்டாக் ரூமுக்குப் போய், ஒரு முப்பத்தாறை எடுத்து, முப்பது ஸ்டிக்கரை ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். போட்டுக்கொண்டு வெளியே வந்தவர் கண்ணாடி முன்னால் மூன்று தரம் திரும்பினார். அதிலேயே இரண்டு வாங்கினார். போகிற போக்கில் என்னைப் பார்த்து, "கண்டோ, நான் அப்பவே சொன்னேன்ல முப்பதுன்னு. நீங்கதான் வெறுதே சந்தேகப்பட்டீங்க" என்றார்.

ஷார்ஜாவிலிருந்து ஒரு தீர்ப்பு

ஜீன்ஸ் போடுகிறவரிடம் ஜீன்ஸ் விற்க முடியாது. ட்ரையல் ரூமுக்கு வெளியே நிற்கிறாரே, அவரிடம்தான் விற்கவேண்டும். முன்பெல்லாம் அங்கே அம்மாவோ மாப்பிள்ளையோ நிற்பார்கள். இப்போது போன் நிற்கிறது. ஒரு பெண் ஷார்ஜாவில் இருக்கும் அக்காவை வீடியோ காலில் கூப்பிட்டு, போனை என் கையில் கொடுத்து, "சேச்சி, நான் வெளியே வரும்போ அவளுக்குக் காட்டுங்க" என்று சொல்லி உள்ளே போனாள். நானும் போட்டோ எடுக்கிற மாதிரி, போனின் முதுகை அவள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் வெளியே வந்தாள். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. போனிலிருந்து அக்கா அலறினாள். "அய்யோ, வேண்டாடீ! இடுப்புன்னு ஒண்ணு காணவே இல்ல. அரிசிச் சாக்கைக் கெட்டி வெச்ச மாதிரி இருக்கு." பாவம், அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துப்போனது. அடுத்ததைப் போட்டாள். அதற்கும் சாக்கு. மூன்றாவதற்கு அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "இதையே திரும்பத் திரும்பக் காட்டிட்டு நிக்கறியே, வேற இல்லியா அங்கே?" என்றாள். அந்தப் பெண் சந்தேகப்பட்டு என் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்தாள். போனின் முன்பக்கக் கேமரா இவ்வளவு நேரமும் என் கழுத்துக்குக் கீழே உள்ளதைத்தான் ஷார்ஜாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, "சேச்சி, ஒண்ணும் நினைக்காதீங்க, அவ நிங்களைப் பாத்துச் சொன்னதாணு" என்றாள்.

சத்தியம் மட்டும்

இப்படி நிம்மதியாகப் பொய் சொல்லிப் பிழைத்துக்கொண்டிருந்த எங்களைத் திருத்துவதற்காகக் கொச்சியிலிருந்து ஒரு புது மேனேஜர் வந்தார். இந்த ஊர்ப் புழுக்கத்திலும் கோட்டு போடுகிறவர். வந்த வாரமே ஸ்டிக்கர் டிராயரைக் கண்டுபிடித்து, அப்படியே குப்பைக்கூடையில் கவிழ்த்தார். இனி இந்தக் கடையில் சத்தியம் மட்டும்தான் விற்கவேண்டுமாம். வாடிக்கையாளர் எந்த அளவு கேட்கிறாரோ அந்த அளவையே, அசல் ஸ்டிக்கரோடு கொடுக்கவேண்டுமாம். ஹரிச்சந்திரன் கூட மயானத்தில்தான் நின்றான், துணிக்கடையில் நிற்கவில்லை என்று சொல்ல நினைத்தேன்.

அடுத்த மீட்டிங்கில் இன்னொரு குண்டைப் போட்டார். கடை ஆண்டு விழாவுக்குப் பின்பக்கப் பார்க்கிங்கில் மேடை போட்டு லைவ் மியூசிக். அன்றைக்கு ஜீன்ஸ் செக்ஷன் ஆட்கள் எல்லாரும் நம் கடை ஜீன்ஸ் போட்டுத்தான் வரவேண்டும். மாட்டேன் என்பவர்களுக்கு அண்டர்கிரவுண்டில் நைட்டி செக்ஷன் காத்திருக்கிறது. நைட்டி செக்ஷனை நீங்கள் பார்த்ததில்லை. ஜன்னல் கிடையாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நைட்டி என்பது ஃப்ரீ சைஸ், ஊருக்கெல்லாம் ஒரே அளவு. படியேறி வருகிறவரைப் பார்த்தே அளவு சொல்லும் எனக்கு அங்கே என்ன வேலை? ஒன்பது வருஷமாகக் கற்ற ஒரே வித்தையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கொடியில் தொங்கும் பூப்போட்ட நைட்டிகளுக்குக் காவல் நிற்கவேண்டியதுதான். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. சுடிதாரிலேயே இருந்துகொள்கிறேனே என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டே, "விக்கறவங்களே போடலைன்னா, ஷீலா, வாங்கறவங்க எங்ஙனே போடும்?" என்றார்.

என் முறை

ஊர் இடுப்பையெல்லாம் ஒரு பார்வையில் அளந்தவள், என் இடுப்பு முப்பத்துநாலு என்று ஒன்பது வருஷமாக நம்பியிருந்தேன். மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் ஒரு முப்பத்துநாலை எடுத்துக்கொண்டு ட்ரையல் ரூமுக்குள் போனேன். பொத்தானும் அதன் துளையும் ஒன்றையொன்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டன. "இந்தக் கம்பெனி அளவே சரியில்லை" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது காதில் விழுந்தபோதுதான் அந்த பேங்க் அம்மாவை மனசார மன்னித்தேன். ஹை வெய்ஸ்ட், லோ வெய்ஸ்ட், நேர்க்கால், அகலக்கால் என்று ஸ்டாக்கில் இருந்த எல்லாவற்றையும் போட்டுக் கழற்றிவிட்டேன். எதுவும் என்னை அழகாகக் காட்டச் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஏறியது ஒரு கறுப்பு முப்பத்தெட்டு. என் பர்ஸின் மூலையில் பழைய முப்பத்துநாலு ஸ்டிக்கர் ஒன்று எப்படியோ ஒட்டிக்கிடந்தது. அதை எடுத்து என் ஜீன்ஸ் மேல் நானே ஒட்டிக்கொண்டேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒட்டியதும் இடுப்பு கொஞ்சம் குறைந்தது போலத்தான் இருந்தது.

வீட்டில் போட்டுக் காட்டினேன். என் வீட்டுக்காரர் விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பெரிய பெரிய கண்டெய்னர்களைத் தூக்கி இறக்கிப் பழக்கப்பட்ட கண். கொஞ்ச தூரம் நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், கடைசியில் வெகு அக்கறையாக, "நல்லாத்தான் பிள்ளே இருக்கு. பின்ன, திரும்பும்போ மட்டும் பக்கத்துல ஆளு நிக்கான்னு பாத்துத் திரும்பு" என்றார்.

நின்றுகொண்டு பாடுகிறவர்

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் பாடகரே கடைக்கு வந்தார். பேர் வேண்டாம். போனில் ரீல்ஸ் பாடிப் பேர் வாங்கியவர், போஸ்டரில் மெலிந்து இருப்பார். போஸ்டர் எடுத்து ரொம்ப நாளாகியிருக்க வேண்டும். மேடையில் போட ஜீன்ஸ் வேண்டும், ஒல்லியாகக் காட்டவேண்டும், அளவு முப்பத்திரண்டு என்றார். மேனேஜர் கூடவே நின்றார். டிராயர் இருந்திருந்தால் அந்த மனுஷர் சந்தோஷமாகப் போயிருப்பார். இல்லாததால் நான் பாடத்தை மறந்து வாயைத் திறந்தேன். "சார், முப்பத்தாறு போட்டா உங்களுக்கு நல்லா ஃப்ரீயா இருக்கும்" என்றேன். பாடகர் முகம் சுருங்கிப்போனது. மேனேஜர் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். "கஸ்டமர் கேட்டதைக் கொடுங்க, ஷீலா. அசல் முப்பத்திரண்டு."

கொடுத்தேன். ட்ரையல் ரூம் கதவு கால் மணி நேரம் ஆடியது. எக்ஸ்ரே எடுக்க நிற்கிறவர் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். மேனேஜர் கை தட்டினார். எனக்கு மனசு கேட்கவில்லை. "கொஞ்சம் உக்காந்து பாருங்க சார்" என்று, ஸ்டாக்கை இறக்கிவிட்டு அந்த நாற்காலியையே இழுத்துப் போட்டேன். பாடகர் அதைப் பார்த்த பார்வையில் பயம் தெரிந்தது. பிறகு சமாளித்துக்கொண்டு, "அதெந்தினா சேச்சி? ஞான் நின்னுதானே பாடறது, உக்காந்து அல்லல்லோ" என்றார்.

எல்லாரும் சேர்ந்து பாடுங்க

ஆறு மணிக்குத் தொடங்கவேண்டிய கச்சேரியில் ஏழு வரைக்கும் ஒருவர் மைக்கைத் தட்டி "செக், செக்" என்றார். அதைத்தான் அன்றைக்கு முழுசாகக் கேட்க முடிந்தது. பிறகு புகை விட்டார்கள். புகைக்குள்ளிருந்து பாடகர் வந்தார். மேடைக்கு மூன்று படி. முட்டி மடங்காததால் அவரால் ஏற முடியவில்லை. கிட்டார் வாசிப்பவரும் டிரம்ஸ் வாசிப்பவரும் ஆளுக்கொரு கை பிடித்து அலாக்காகத் தூக்கி மேலே வைத்தார்கள். ஜனங்கள் அதை ஸ்டைல் என்று நினைத்து விசிலடித்தார்கள். முதல் பாட்டு தணிந்த குரலில் நன்றாகத்தான் போனது. குரல் உயரவேண்டிய இடம் வந்ததும் மூச்சு இடுப்போடு நின்றுவிட்டது. மனுஷர் கெட்டிக்காரர். சட்டென்று மைக்கை ஜனங்கள் பக்கம் நீட்டி, "எல்லாரும் சேர்ந்து பாடுங்க!" என்றார்.

ஜனங்களும் உற்சாகமாகப் பாடினார்கள். இரண்டாவது பாட்டிலும் மைக்கை நீட்டினார். மூன்றாவதில் பல்லவியிலேயே நீட்டிவிட்டார். ஒரு மணி நேரத்தில் பார்க்கிங்கில் இருந்த எல்லாருக்கும் தொண்டை கட்டிவிட்டது, அவர் ஒருவரைத் தவிர. என் பக்கத்தில் குடும்பத்தோடு நின்ற ஒருவர் பாடிக் களைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடி என்னிடம், "பாடறது மொத்தம் நம்மதான்னா, அந்த ஆளு எந்தினா அங்கே நிக்கறது?" என்று கேட்டார்.

ஸ்பீக்கர் பெட்டி மேல் ஒரு ஆல்ட்டரேஷன்

இடைவேளையில் மேனேஜர் என்னை மேடைக்குப் பின்னால் வரச்சொன்னார். போனேன். பாடகர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், உதடு நீலம் பூத்திருந்தது. மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்தினார். "நீங்க கொடுத்த ஜீன்ஸாணு புரோகிராமைக் கெடுத்தது. நாளை முதல் நீங்க நைட்டி செக்ஷன்!" எனக்கு அழுகை வந்தது. சொல்லாமல் நடந்த தவறு என்றால்கூடப் பரவாயில்லை. ஒன்பது வருஷத்தில் ஒரே ஒரு தரம் உள்ளதைச் சொன்னேன், அந்தத் தரத்துக்குத்தான் தண்டனை. அழுதால் சரியாகாது என்பதால் கோபப்பட்டேன். "ஜீன்ஸ்தான் காரணம்னா அதை இப்பவே சரியாக்கித் தாறேன். பிரிக்கட்டா? நீங்களே சொல்லுங்க சார்" என்றேன். "பிரி!" என்றார். ஜீன்ஸ் விற்கிறவள் பையில் பேப்பரில் சுற்றிய அரை பிளேடு எப்போதும் இருக்கும். இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைச் சேர்த்துப் போட்டு, பாடகரை அதன் மேல் குப்புறக் கிடத்தி, பின்பக்கத் தையலை இடுப்புப் பட்டியிலிருந்து கீழே வரைக்கும் பிரித்தேன். "சேச்சி, சூட்சிச்சு, பாத்து, பாத்து" என்று முனகிக்கொண்டே இருந்தார். தையல் விட்டதும் அவர் இழுத்த மூச்சு எனக்கே சுகமாக இருந்தது. பின்பக்கத்தை மறைக்க மேனேஜர் தன் கோட்டைக் கழற்றி அவர் இடுப்பில் கட்டிவிட்டார்.

பாடகர் தானே மூன்று படியும் ஏறினார். இந்தத் தரம் மைக்கை யாரிடமும் நீட்டவில்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, குரலை உயர்த்தி, தானே பாடினார். அதுவரைக்கும் பாதி அபசுரம்தான் வெளியே வந்திருக்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. மீதிப் பாதியும் சேர்ந்து வந்தபோது டிரம்ஸ்காரரே வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள். இரண்டு பாட்டு முடிவதற்குள் பார்க்கிங் காலியாகி, நிஜமாகவே வண்டி நிறுத்த இடம் கிடைத்தது.

கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தவர் எங்கள் முதலாளி மட்டும்தான். சாலைத் தெருவில் ஜவுளி மூட்டை சுமந்து தொடங்கியவர், எழுபது வயசு, காது மட்டும் கூர்மை. எழுந்து மெதுவாக மேடைக்குப் பின்னால் வந்தார். "அவரை அவுத்துவிட்டது யாரு?" என்று கேட்டார். என் கையில் பிளேடு இருந்தது. "நான்தான் முதலாளி. மேனேஜர் சார் சொன்னாவ. முப்பத்திரண்டு இறுக்கி மூச்சு முட்டிப்போச்சு" என்றேன். "அந்த ஆளுக்கு என்ன அளவு?" "முப்பத்தாறு." "அது உனக்கு எப்பத் தெரியும்?" "அவரு படியேறி வரும்போதே தெரியும், முதலாளி. சொன்னேன். குடுக்க விடல்ல." முதலாளி மேனேஜர் பக்கம் திரும்பினார். "இவளை நாளைக்கு எங்கேயோ அனுப்பப் போறீராமே?" மேனேஜர் கோட்டில்லாமல் சட்டையோடு நின்று, நைட்டி செக்ஷன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். முதலாளி அவரை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல், "நைட்டி ஃப்ரீ சைஸுல்லா வே? அளவு தெரிஞ்ச ஆளை அங்கே எதுக்கு வீணாக்கணும்? நாளைலேருந்து நீரே போயி நில்லும்" என்றார்.

இறுக்கிப் பிடிக்கும் ஜீன்ஸைத் திட்டிக்கொண்டே போட்டிருக்கும் என் சக துன்பசாலிகளே, பிளேடை எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசியுங்கள், இத்தனை நாளும் உங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அதுவாகவே இருக்கலாம்.